அத்தியாயம் 7: எழுதத் தெரிந்தவருக்கு எதற்கு எம்.ஏ.?

கோவையில் ஒரு கல்லூரிக் கூட்டத்தில் பேசிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். ஒரு தகப்பனார் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மகள் இ.சி.இ. முடித்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்தவள். "இவ இங்கிலீஷ் நல்லாவே எழுதுவாங்க மேடம். எழுதத் தெரிஞ்சவளுக்கு எழுதறதுக்குன்னு ரெண்டு வருசம் படிப்பு, அதுக்கு லோன் வேற. எதுக்குங்க?" என்றார். மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

கேள்வியில் தப்பே இல்லை. அந்த நெரிசலில் பதில் சொல்ல முடியவில்லை. இந்த அத்தியாயம் அவருக்கானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் வேலையில், நீர் மோட்டாருக்கான கன்ட்ரோல் பெட்டிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையேடு எழுதினேன். நான்காவது படி: மூடியைக் கழற்றி, டெர்மினலில் இருக்கும் வயரை விடுவிக்கவும். அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு கட்டம்: இதைச் செய்வதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடவும். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை. மேலாளர் படித்தார், பொறியாளர் படித்தார், அச்சுக்குப் போனது. சில வாரம் கழித்து ஒரு சர்வீஸ்காரர் போன் செய்தார். "அம்மா, நான் ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர வச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சுச் செய்யறவன். வயரைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் உங்க கட்டத்தையே பாத்தேன்." நல்லவேளை, அன்று அந்த ஊரில் மின்வெட்டு.

எச்சரிக்கை என்பது படிக்கு முன்னால் வர வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி இது. பள்ளியிலும் கல்லூரியிலும் பத்தொன்பது ஆண்டு படித்த எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. எங்களுக்கு எழுத்து என்று சொல்லித் தந்ததெல்லாம் கட்டுரைப் போட்டிக்கு எழுதும் எழுத்து. அதைப் படிப்பவர் உட்கார்ந்துகொண்டு, மார்க் போடுவதற்காக, கடைசி வரி வரை படிப்பார். சர்வீஸ்காரர் அப்படிப் படிக்க மாட்டார். அவர் கையில் என்ன இருக்கிறது, கண் எந்த வரியில் நிற்கிறது, படித்த அடுத்த நொடி என்ன செய்யப்போகிறார் என்பதைப் பாடமாகவே வைத்துச் சொல்லித் தருகிற படிப்புதான் தொழில்முறை எழுத்து முதுகலை. நடை அழகாக வேண்டும் என்று இதில் சேராதீர்கள், அதற்கு நாவல் படித்தால் போதும்.

பெயர்க் குழப்பம்

இந்தப் படிப்பு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும். புரொபஷனல் ரைட்டிங், டெக்னிக்கல் கம்யூனிகேஷன், ரெட்டரிக் அண்ட் ரைட்டிங், சயின்டிஃபிக் கம்யூனிகேஷன் என்று பலகை மாறும். பிட்ஸ்பர்க்கில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் எம்.ஏ. இன் புரொபஷனல் ரைட்டிங் இருக்கிறது. அதே துறையில் ரெட்டரிக் எம்.ஏ.வும் உண்டு, அது ஆய்வின் பக்கம் சாய்ந்தது. இரண்டுக்கும் ஒரே எஸ்.ஓ.பி.யை, அதாவது ஏன் சேர விரும்புகிறோம் என்று எழுதும் விண்ணப்பக் கட்டுரையை, பெயர் மாற்றி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே பொறியியல் கல்லூரிக்குள் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் என்றே ஒரு துறை இருந்தது. இப்போது அதன் பெயர் ஹியூமன் சென்டர்ட் டிசைன் அண்ட் இன்ஜினியரிங். கையேட்டில் விளக்கி மாளாத கருவியை முதலிலேயே சரியாக வடிவமைக்கலாமே என்று யோசித்ததன் விளைவு என்றே நான் இதைப் படிக்கிறேன். இன்று யூ.எக்ஸ். ரைட்டர், அதாவது செயலியின் திரையில் வரும் சொற்களை எழுதுபவர், என்று வேலை தேடுபவர்கள் அந்தப் பக்கத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

எம்.எஃப்.ஏ. என்று முடிந்தால் அது பெரும்பாலும் கதை, கவிதை. ஜர்னலிசம் தனி வழி. அறிவியலை மக்களுக்குச் சொல்ல ஆசை இருந்தால் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சயின்ஸ் கம்யூனிகேஷன் எம்.எஸ்சி. இருக்கிறது. எம்.ஐ.டி.யும் சயின்ஸ் ரைட்டிங் முதுகலை நடத்தி வந்திருக்கிறது. மருந்து ஆய்வு அறிக்கைகளை எழுதும் மெடிக்கல் ரைட்டிங் இன்னொரு கிளை. அதற்கு பி.ஃபார்ம் அல்லது உயிரியல் பட்டம் கையில் இருந்தால், எழுத்தில் முதுகலை இல்லாமலே பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ளே நுழைந்தவர்கள் நிறைய. இந்த இடத்தில் தகப்பனார் சொல்வதே சரி, லோன் வேண்டாம்.

வகுப்பில் என்ன நடக்கும்

இந்தத் துறை ஆசிரியர்கள் அடிக்கடி எடுக்கும் ஒரு பாடத்தைக் கிட்டத்தில் காட்டுகிறேன். 2003 ஜனவரி 16-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் ஏவப்பட்டது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உள்ளே. ஏவிய 82-ஆவது விநாடி வாக்கில் எரிபொருள் தொட்டியின் வெளிப்புற நுரைப்பகுதி ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணக்கிட்டு, பவர்பாயின்ட் ஸ்லைடுகளாக நாசா அதிகாரிகள் முன் வைத்தார்கள்.

அதில் ஒரே ஒரு ஸ்லைடை வகுப்பில் திரையில் போடுவார்கள். தலைப்பு நிம்மதி தருகிறது: பழைய சோதனைகளைப் பார்த்தால் நம் கணக்கு பாதுகாப்பான பக்கமே சாய்ந்திருக்கிறது என்கிற தொனி. அதன் கீழே புள்ளி, புள்ளிக்குள் கோடு, கோட்டுக்குள் இன்னொரு புள்ளி என்று படிக்கட்டாக இறங்குகிறது. 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லோ அதன் உருமாற்றமோ ஐந்து முறை வருகிறது. ஐந்து இடத்திலும் ஒரே அர்த்தமா என்பது தெரியாது. ஆகக் கீழே, சின்ன எழுத்தில், கடைசி வரியாக ஒரு தகவல்: மோதியதாக மதிப்பிட்ட நுரைத்துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் வைத்துப் பார்த்தது 3 கன அங்குலம்.

நம் கணக்கில் சொன்னால், இறக்கையில் மோதியது ஒன்றரைத் தண்ணீர் கேன். சோதித்துப் பார்த்தது இரண்டு வாய் காபி. 640 மடங்கு வித்தியாசம். அந்தச் சோதனையால் இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே பக்கத்தின் செய்தி. அதை எழுதியவர்கள் மறைக்கவில்லை, எழுதித்தான் இருக்கிறார்கள். ஆனால் அது கடைசிப் படிக்கட்டுக்குக் கீழே கிடந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பி வரும்போது கலம் சிதறியது. விசாரணைக் குழுவின் அறிக்கை, தகவல் வடிவமைப்பு நிபுணர் எட்வர்ட் டஃப்டியின் அலசலை எடுத்துக்கொண்டு, இந்த ஸ்லைடைப் பற்றித் தனியாகவே பேசுகிறது.

மாணவர்களுக்குக் கொடுக்கும் வேலை என்ன? அந்த ஒரு பக்கத்தைத் திருப்பி எழுதச் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். தலைப்பை மாற்ற உட்கார்ந்தால் கேள்விகள் வரும். இதைப் படிப்பவர் யார், பொறியாளரா மேலாளரா? படித்து அவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன? "தெரியாது" என்பதைத் தலைப்பாக வைக்க ஒரு இளைய பொறியாளருக்கு அலுவலகத்தில் இடம் உண்டா? கடைசிக் கேள்வியில் வகுப்பு சூடு பிடிக்கும். எழுத்துப் பாடம் என்று நினைத்து வந்தவர்கள் அதிகாரம், பயம், பொறுப்பு என்று பேசிக்கொண்டிருப்பார்கள். சொல்லால் ஒருவரை இணங்க வைக்கும் கலையோடு அதையும் சேர்த்துத்தான் ரெட்டரிக் என்கிறார்கள்.

இன்னொரு பாடம் சோதனை. யூசபிலிட்டி டெஸ்டிங் என்று பாடத்திட்டத்தில் இருக்கும், நான் வீட்டு உதாரணம் சொல்கிறேன். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில், ஒரு லிட்டர் குடிநீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்கவும் என்று இருக்கும். தெளிவான வாக்கியம். அதை ஒரு பாட்டி கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் சமையலறைக்குப் போவார், சொம்பை எடுப்பார், சொம்பைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார். அந்த வீட்டில் லிட்டர் என்று எழுதிய பாத்திரம் பால் பாக்கெட் ஒன்றுதான், அதுவும் அரை லிட்டர். சில பாட்டிகள் ஒரு டம்ளர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டிவிடுவார்கள். உப்பு கூடிப்போன அந்தக் கரைசல் குழந்தைக்கு ஆபத்து. கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது என்பதால் குழப்பம் இரட்டிப்பு. இப்போது வாக்கியத்தை மாற்றுவீர்களா, படம் போடுவீர்களா, "ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய" என்று எழுதுவீர்களா? எதை எழுதினாலும் இன்னொரு பாட்டியிடம் போய் உட்கார வேண்டும். படிப்பவர் தடுமாறும்போது குறுக்கே விழுந்து விளக்கம் சொல்லாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டமான பயிற்சி. எனக்கு அது வர மூன்று ஆண்டு ஆனது.

மற்ற பாடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். எடிட்டிங். ஆவண வடிவமைப்பு. ஒரே பகுதியைப் பல கையேடுகளில் மறுபடி பயன்படுத்த உதவும் டிட்டா (DITA) என்ற முறை, ஐ.பி.எம்.மில் பிறந்து 2005-இல் பொதுத் தரமானது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிமையாக்கிய ஆங்கிலம், அதாவது ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ.100, சுவையான பாடம். வேலைப் படிகளில் ஒரு வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது, விதியைக் கடைப்பிடிப்பதற்கு அந்தச் சொல் கிடையாது. நம் 'பின்பற்று'வுக்கும் அதே இரட்டை வாழ்க்கை என்பதைக் கவனியுங்கள். மென்பொருள்களின் பெயர்களை மட்டும் அடுக்கிக் காட்டும் பாடத்திட்டம் கண்ணில் பட்டால் ஒதுக்கிவிடுங்கள். அவற்றை வேலைக்குச் சேர்ந்த இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளலாம்.

எங்கே சேர்வது

விவரக் கையேட்டில் மூன்று விஷயங்களைத் தேடச் சொல்வேன். வெளியாளுக்காக, உண்மையான வாடிக்கையாளருக்காக எழுதும் பாடம் இருக்கிறதா? இன்டர்ன்ஷிப் படிப்போடு கோக்கப்பட்டிருக்கிறதா, இல்லை நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா? பேராசிரியர்களில் ஒருவராவது அலுவலகத்திலோ ஆலையிலோ மருத்துவமனையிலோ எழுத்து எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்த்து ஆராய்ந்தவரா? தரவரிசையைக் கடைசியில் பாருங்கள். இவ்வளவு சின்னத் துறைக்குத் தரவரிசை பெரிதாக எதையும் சொல்லாது.

அமெரிக்கா போக நினைப்பவர்கள் கவனிக்க ஒரு சங்கதி. படிப்பு முடித்தபின் ஓ.பி.டி. என்று 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வரும் படிப்பானால் மேலும் 24 மாதம் நீட்டிப்பு உண்டு. எது பட்டியலில் வரும் என்பதைத் தீர்மானிப்பது படிப்பின் பெயர் கிடையாது, சி.ஐ.பி. என்ற குறியீட்டு எண். ஆங்கிலத் துறைப் படிப்புகளின் எண் 23 என்று தொடங்கும். அதற்கு நீட்டிப்பு இல்லை. ஏறக்குறைய இதே பாடங்களை வேறு எண்ணில் நடத்தும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ஆகவே சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் அந்த எண்ணைக் கேளுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை, லட்சக்கணக்கில் கடன் வாங்கப்போவது நீங்கள். விசா விதிகள் ஆட்சிக்கு ஆட்சி ஆடும் என்பதால் சேரும் ஆண்டில் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

கட்டணத்தைச் சமாளிக்க ஒரு வழி, ஆங்கிலத் துறைகளில் கிடைக்கும் டீச்சிங் அசிஸ்டென்ட்ஷிப். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தருவீர்கள், பல இடங்களில் கட்டணம் தள்ளுபடியாகி உதவித்தொகையும் வரும். பெரிய தனியார் பல்கலைக்கழகங்களை விட மாநிலப் பல்கலைக்கழகங்களில் இதைத் தேடுங்கள். டெக்சஸ் டெக், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் இரண்டும் இந்தத் துறையில் பழைய கைகள். நம்மூர் மூன்றாண்டு பி.ஏ., பி.எஸ்சி. பட்டத்தை நான்காண்டுக்குச் சமமாக ஏற்காத இடங்களும் உண்டு, அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பிரிட்டனில் ஓராண்டில் முடியும், செலவு குறையும், ஆனால் மூச்சு விட நேரமிருக்காது. சேர்ந்த வேகத்தில் ஆய்வேட்டுத் தலைப்பு கேட்பார்கள். அயர்லாந்தை நம்மவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. மென்பொருளை மொழி மாற்றும் தொழில் அங்கே வேர் விட்டது, லிமெரிக் பல்கலைக்கழகம் தொழில்நுட்பத் தொடர்பில் நெடுநாளாக எம்.ஏ. நடத்தி வந்திருக்கிறது. முதுகலை முடித்தவர்கள் இரண்டு ஆண்டு வரை தங்கி வேலை தேடவும் வழி உண்டு.

இந்தியாவில்? இதே பெயரில் முதுகலை தேடினால் கை வெறுமையாகத்தான் வரும். பக்கத்துப் பாதைகள் இருக்கின்றன. 1965-இல் தொடங்கிய டெல்லி ஐ.ஐ.எம்.சி. இதழியல், விளம்பரம், மக்கள் தொடர்பு சொல்லித் தருகிறது. அகமதாபாத் மைக்கா 1991-இல் தொடங்கியது, விளம்பரமும் சந்தையும் அதன் பலம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஆர்வமென்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம். இவற்றில் எதிலும் மேலே சொன்ன பாட்டிப் பாடம் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் டெக்னிக்கல் ரைட்டராகச் சேர்ந்து, நல்ல எடிட்டர் ஒருவரிடம் இரண்டு ஆண்டு திட்டு வாங்குவது அதற்கு ஈடாகும். சம்பளமும் தருவார்கள்.

விண்ணப்பம்

எஸ்.ஓ.பி.க்கள் கட்டுக் கட்டாக என் மேசைக்கு வந்திருக்கின்றன. சின்ன வயதிலிருந்தே எழுத்தின் மேல் தீராக் காதல் என்று தொடங்குபவை பாதிக்கு மேல் இருக்கும். தேர்வுக் குழுவுக்கு உங்கள் காதல் தேவையில்லை. நீங்கள் எழுதியதைப் படித்து யாராவது எதையாவது தப்பாகச் செய்திருக்கிறார்களா, அதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள் என்பது தேவை. பிறகு ஒருமுறை அந்தக் கோவைப் பெண்ணிடம் இதைக் கேட்டேன். யோசித்துவிட்டு, தான் எழுதிய ரிலீஸ் நோட்ஸில் ஒரு பட்டனின் பழைய பெயரை விட்டுவிட்டதால் ஒரே நாளில் எத்தனை வாடிக்கையாளர்கள் அழைத்தார்கள் என்று சொன்னாள். முதல் பத்தி கிடைத்துவிட்டது.

எழுத்து மாதிரி அதைவிட முக்கியம். பலர் கல்லூரி இறுதியாண்டுப் புராஜெக்ட் அறிக்கையையே அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு முன்-பின் மாதிரி தயார் செய்யுங்கள். நம் அலுவலகச் சுவர்களில் இப்படி ஒட்டியிருக்கும்: "பயனாளிகள் உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலகத்தைக் குறித்த காலத்திற்குள் அணுகுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." எளிய தமிழில் மாற்ற உட்காருங்கள், முடியாது. 'உரிய', 'சம்பந்தப்பட்ட', 'குறித்த' என்ற மூன்று சொற்களுக்குள் மூன்று தகவல்கள் புதைந்துகிடக்கின்றன. எந்த ஆவணம், எந்த அலுவலகம், எந்தத் தேதி? எழுத்தர் மேசைக்குப் போய்க் கேட்டால்தான் இப்படி மாற்ற வரும்: "ஓய்வூதியம் தொடர்ந்து வர, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம் இரண்டின் நகலையும் 30-ஆம் தேதிக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள்." பழையது, புதியது, இரண்டின் ஆங்கில வடிவம், யாரிடம் கேட்டீர்கள், ஏன் அப்படி மாற்றினீர்கள் என்று இரண்டு பக்க ஆங்கிலக் குறிப்பு. இரண்டு மொழியில் இதைச் செய்யத் தெரிந்தவர் என்பது உங்கள் கூடுதல் பலம், அதை ஒளிக்காதீர்கள். முழு ஆங்கில மாதிரி ஒன்றும் கூடவே போகட்டும்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவர் கையெழுத்துதான் வேண்டும் என்று கல்லூரியைச் சுற்றாதீர்கள். உங்கள் வரைவைச் சிவப்பு மையால் கிழித்த மேலதிகாரி எழுதினால் அதில் விஷயம் இருக்கும்.

ஏ.ஐ. வந்துவிட்டதே

கேட்பீர்கள் என்று தெரியும். 2025 ஜனவரியில், இந்தத் துறையின் மூத்த சங்கமான அமெரிக்காவின் சொசைட்டி ஃபார் டெக்னிக்கல் கம்யூனிகேஷன் கடன் சுமையால் கடையை மூடியது. இந்தியாவிலும் அதற்குக் கிளை இருந்தது. இதை மறைத்துவிட்டு உங்களைச் சேரச் சொல்வது முறையில்லை. ஏற்கெனவே கையில் இருக்கும் தகவலை ஒழுங்காக வரிசைப்படுத்தித் தரும் வேலை இனி மனிதருக்கு அதிகம் கிடைக்காது, தொடக்க நிலை வேலைகள் முதலில் அடி வாங்கும். ஆனால் மேலே சொன்ன சுவரொட்டியை ஏ.ஐ.யிடம் கொடுத்துப் பாருங்கள். அழகான தமிழில் 'உரிய ஆவணங்கள்' என்றே திருப்பித் தரும், அல்லது தானாக ஒரு தேதியைப் போட்டுவிடும். எழுத்தர் மேசைக்கு அது போகாது. அங்கே போகக் கற்றுத் தரும் படிப்பானால் கடன் வாங்கலாம் என்பது என் கணக்கு. வாக்கியத்தை மெருகேற்ற மட்டும் கற்றுத் தருவதானால் வேண்டாம்.

கடைசியாக நாள்காட்டி. அமெரிக்கச் சேர்க்கைக்கான விண்ணப்பக் கெடு பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடியும். உதவித்தொகை வேண்டுமானால் முதல் கெடுவையே கணக்கில் வையுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணில், குறிப்பாக எழுத்துப் பகுதியில், மற்ற துறைகளை விடக் கூடுதலாகக் கேட்பார்கள். ஜி.ஆர்.இ. பல இடங்களில் கிடையாது. டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் ஆவணம் மட்டும் உங்கள் கையில் இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் சீல் வைத்த உறை வாங்க வாரக்கணக்கில் ஆகும், நடுவில் ஆயுதபூஜையும் தீபாவளியும் வரும். ஆகஸ்டிலேயே பணம் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்து, கேட்டதற்கு மேல் இரண்டு உறை சேர்த்தே வாங்கிவிடுங்கள்.